அந்த வீடியோவைக் கொஞ்சம் நிமித்தி வைங்க தம்பி

நேற்று ராத்திரி 11.40க்கு, நான் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுத்த எண்ணெய்க் கடை அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் நோட். 2 நிமிடம் 14 வினாடி. கடைக்காரர்களுக்கு விளம்பர வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு நிமிடத்தைத் தாண்டிய வாய்ஸ் நோட்டில் நல்ல சேதி இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. பாராட்டு என்றால் கட்டைவிரல் பொம்மை வரும். பணம் என்றால் ஒன்றுமே வராது. பேச்சாக வந்தால் வேலை வருகிறது என்று அர்த்தம்.

முதல் ஒன்றரை நிமிடம் புகழ்ச்சி. அண்ணி பார்த்தாராம், கண் கலங்கினாராம். பெங்களூரில் இருக்கும் மருமகன் கூட ஒன்றும் குறை சொல்லவில்லையாம். (அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.) அதற்கப்புறம் வந்தது: "எல்லாம் அம்சமா இருக்குதுங்க தம்பி. ஒண்ணே ஒண்ணுதான். வீடியோ படுத்துட்டு இருக்குது. அதைக் கொஞ்சம் நிமித்தி வச்சுக் குடுத்துப்போடுங்க, ரீல்ஸ்ல போடோணும்."

படுத்துக்கொண்டிருக்கிறதாம். நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். அதாவது டிவிக்காக அகலவாட்டில் எடுத்ததை, போனில் பார்க்கிற இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்காக நெட்டுக்கு மாற்ற வேண்டுமாம். கயிற்றுக் கட்டிலா அது, ஓரமாகச் சாத்தி வைக்க?

ஷூட்டிங்குக்கு முன்னால் மூன்று தடவை கேட்டேன். "அண்ணா, இதைப் போனில் போடுவீங்களா, டிவியில் ஓட்டுவீங்களா?" கடையில் 55 இன்ச் டிவி மாட்டியாயிற்று, பெண் வீட்டு விசேஷத்தில் மண்டபத்து எல்.ஈ.டி. திரையிலும் ஓட்ட வேண்டும், அதனால் "நல்லா அகலமா எடுங்க" என்று மூன்று தடவையும் அதே பதில். எல்லாம் சாட்டில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் கூட எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் தைரியமில்லை, மீதி 8,000 ரூபாய் அவரிடம் அல்லவா இருக்கிறது.

சரி, அகலமாக எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை. வாகை மரத்தில் புதுச் செக்கு போட்டிருக்கிறார், பார்க்க உண்மையிலேயே அழகு. ஓடுவது மோட்டாரில். ஆனால் வீடியோவில் பாரம்பரியம் தெரிய வேண்டுமாம். நான் எள்ளைக் காட்டலாம், கருப்பட்டி போடுவதைக் காட்டலாம், எண்ணெய் இறங்குவதை மேக்ரோ லென்ஸில் எடுக்கலாம் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு காங்கேயம் காளை இறங்கியது.

"அண்ணா, செக்கு மோட்டாரில்தானே ஓடுது?"

"ஆமாங்க. மாடு சும்மா நிக்கட்டும். பாக்கறவிய என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

"மோட்டார் பெல்ட் தெரியுதுங்கண்ணா."

"அதுமேல ஒரு சாக்கைப் போடுங்க."

ஓடுகிற பெல்ட்டின் மேல் சாக்கு. நல்லவேளை, மாடு பிடித்து வந்தவர் விவரமானவர், அவர்தான் தடுத்தார். கடைசியில் ஒரு தென்னை ஓலைத் தட்டியை முன்னால் சாத்தினோம். ஃபிரேமை அண்ணனே அமைத்தார். இடது ஓரத்தில் பட்டு வேட்டியில் அவர். வலது ஓரத்தில் செக்கு. நடுவில் பெரிய இடம் சும்மா கிடக்கிறதே என்று மாடு. அவரைக் கொஞ்சம் செக்குப் பக்கமாக வந்து நிற்கச் சொன்னேன். வேட்டியில் எண்ணெய் தெறிக்கும் என்று மறுத்துவிட்டார். எண்ணெய்க் கடைக்காரர்.

அவர் பேச வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "வணக்கம், கலப்படம் இல்லாத சுத்தமான நல்லெண்ணெய்க்கு நம்ம கடைக்கு வாங்க." 14 டேக். ஏறக்குறைய ஒவ்வொரு டேக்கிலும் "நல்லெண்ணெய்க்கு" என்றதும் நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அண்ணியைப் பார்த்து "செரியா?" என்று கேட்பார். அண்ணி "கேமராவைப் பாருங்க" என்பார். அவர் அண்ணியின் பக்கத்தில் இருக்கும் என்னைப் பார்ப்பார். அதற்குள் மாடு மணியை ஆட்டும்.

இதில் செக்குச் சத்தம் வேறு. சட்டையில் குத்திய மைக்கில் பேச்சைவிட மரம் கிறீச்சிடுவதும் மோட்டார் உறுமுவதும்தான் தெளிவாகப் பதிவானது. மோட்டாரை நிறுத்தினால் செக்கு சுற்றாது, சுற்றாத செக்கை எதற்குப் படம் எடுப்பது? சரி, சத்தத்தை அப்புறம் டப்பிங் செய்துகொள்ளலாம் என்று விட்டேன். நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். எள் பாதியில் கிடக்கிறது, நிறுத்த முடியாது என்றார். எள் காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்களே, அன்றைக்கு உச்சி வெயிலில் டிரைபாடைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அதற்குப் பதில் கிடைத்தது. ஒன்பதாவது டேக்கில், ஒரே ஒருமுறை, அவர் தடங்கலில்லாமல் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். அந்த நேரம் பார்த்து மாடு மூத்திரம் பெய்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல், வாக்கியம் முடிந்த பிறகும் தொடர்ந்து. அதைச் சாந்தப்படுத்தத் தலைமாட்டில் ஒரு கூடைப் புண்ணாக்கு வைத்தார்கள். அதோடு அது கேமராவை நேராகப் பார்த்து மென்றுகொண்டே இருந்தது. அன்று கேமராவை ஒழுங்காகப் பார்த்தது அது ஒன்றுதான்.

எடிட்டிங் கதை தனி. டிரைவ் லிங்க்கில் முழுத் தரத்தில் அனுப்பினால், அதைத் திறக்காமல், யாரோ வாட்ஸப்பில் நசுக்கி அனுப்பியதைப் பார்த்துவிட்டு "குவாலிட்டி இல்லை, சினிமாட்டிக்கா இல்லை" என்று மருமகன் சொல்வார். பின்னணிக்கு ஹிட்டான சினிமாப் பாட்டு வேண்டும் என்பார்கள். உரிமை இல்லாத பாட்டை வியாபாரத்துக்குப் போட்டால் இன்ஸ்டாகிராம்காரன் சத்தத்தையே எடுத்துவிடுவான் என்றால், "பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்காரே?" டப்பிங்கில் சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாம் இந்த எண்ணெயில் தீரும் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார்கள். உணவுப் பொருள் விளம்பரத்தில் நோய் தீரும் என்று சொல்லக் கூடாது, 2018லேயே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிமுறை வந்துவிட்டது, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தீரும்னு வேண்டாம். தீர்ற மாதிரி இருக்கும்னு போடுங்க."

இதையெல்லாம் கடந்துதான் நேற்றைய வாய்ஸ் நோட்.

காலையில் போன் போட்டேன். பொறுமையாக விளக்கினேன், அம்மா மேல் சத்தியம். "அண்ணா, படம் அகலத்தில் 3840 பிக்சல், உயரத்தில் 2160. அதை நிற்கிற மாதிரி வெட்டினால் அகலத்தில் 1215தான் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. நீங்க ஒரு கோடியில், செக்கு ஒரு கோடியில். ஒருத்தர்தான் வர முடியும். நீங்களா செக்கா?"

மறுமுனையில் மௌனம். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"செரி, அப்போ என்னையும் செக்கையும் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல நகத்தி வச்சுப்போடுங்க."

ஷூட்டிங் அன்று நான் சொன்னது இதைத்தான். அன்று வேட்டி கெட்டுவிடும் என்றார். இப்போது நகர்த்த வேண்டுமாம், ஏனென்றால் வேட்டி பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ஏஐயில் இரண்டு நிமிட வேலை என்று மருமகன் சொன்னாராம். செய்தேன். மேலும் கீழும் நீட்டச் சொன்னதற்கு, செக்குக்கு மேலே இல்லாத ஒரு ஜன்னல் முளைத்தது, மாட்டுக்கு ஐந்தாவது காலும் முளைத்தது. வேண்டாம், படத்தை நடுவில் சின்னதாக வைத்து மேலும் கீழும் மங்கலாக விட்டுவிடலாம் என்று ஒரு மாதிரி அனுப்பினேன். அது இன்னும் பெரிய தப்பு. "மேலயும் கீழயும் எடம் சும்மாதானே கெடக்குது" என்று வந்துவிட்டது பட்டியல்: நல்லெண்ணெய் விலை, கடலை எண்ணெய் விலை, தேங்காயெண்ணெய் விலை, இரண்டு போன் நம்பர், குலதெய்வம், பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழி.

அதற்கு மேல் முடியவில்லை. கோபத்தில் ஃபிரேமின் நடுவை அப்படியே நெட்டுக்கு வெட்டி, டப்பிங்கை ஒட்டி, பிளே பண்ணினேன்.

மாடு. முழுக்க மாடு. கொம்பு முதல் குளம்பு வரை அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தி நிற்கிறது. புண்ணாக்கை மென்றுகொண்டு கேமராவை நேராகப் பார்க்கிறது. அண்ணனின் குரல் வருகிறது, "வணக்கம், கலப்படம் இல்லாத சுத்தமான நல்லெண்ணெய்க்கு..." வாய் அசைவு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. 14 டேக்கில் அண்ணனுக்குக் கூட இவ்வளவு பொருந்தவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

எது நடந்தாலும் நடக்கட்டும் என்று அதையே அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "சூப்பர் தம்பி. மருமகனும் ஓகே சொல்லிட்டார். போன் நம்பரை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

தான் அதில் இல்லை என்பதை அவர் கவனித்தாரா என்று இப்போதும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கணக்கு முடிக்கப் போனேன். 8,000க்கு 5,000 கையில் கொடுத்தார். மீதிக்கு எண்ணெய். எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன், வாசனை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் அதை ஊற்றிக் கொடுத்த 5 லிட்டர் கேன் இருக்கிறதே, அதற்கு மூடி செய்கிறவன் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு சுற்று இறுக்கினால் ஆடுகிறது. இன்னொரு சுற்று இறுக்கினால் மரை நழுவி மறுபடி முதலில் வந்து நிற்கிறது. காங்கேயத்திலிருந்து வீடு வருவதற்குள் பெட்ரோல் டேங்க், பேன்ட், கேமரா பை எல்லாம் நல்லெண்ணெய். லென்ஸ் துடைக்கும் துணியில் கூட நல்லெண்ணெய். இத்தனைக்கும் கடையில் கொடுக்கும்போதே மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொடுத்தார்கள். அப்படியென்றால் ஒழுகும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள்.