உப்புமாவை விடுங்க, சாம்பார் வாளியைக் கலக்கிப் பாருங்க

வடசென்னையில் பள்ளிக் காலை உணவு பற்றிப் பேச்சு எடுத்தாலே "பசங்களுக்கு எப்பப் பாரு உப்புமாவா?" என்று ஒரு குரல் வரும். உப்புமா ஒன்றும் கெட்ட சாப்பாடு இல்லை. நாம் கவலைப்பட வேண்டியது அதன் மேல் ஊற்றுகிற சாம்பாரைப் பற்றி. பருப்பும் காயும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. அது தண்ணியாகப் போன அன்று பிள்ளை வயிற்றுக்குள் போவது வெறும் ரவை.

தமிழக அரசின் காலை உணவுத் திட்டத்தின் அளவு இது: ஒரு பிள்ளைக்கு ரவை, அரிசி, கோதுமை ரவை, சேமியா, சிறுதானியம் இவற்றில் ஏதாவது ஒன்று 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. வெந்த பிறகு 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும் தட்டில் விழ வேண்டும்.

50 கிராம் ரவையில் சுமார் 175 கலோரி, 5 கிராம் புரதம். 15 கிராம் துவரம்பருப்பில் 50 கலோரி, 3 கிராமுக்குச் சற்று கூடுதலாகப் புரதம். தாளிப்பு எண்ணெய் 5 கிராம் என்று வைத்தால் இன்னொரு 45 கலோரி. ஆக மொத்தம் 270 கலோரி, எட்டரை கிராம் புரதம். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). புரதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே தேறிவிடுகிறது. ஆனால் அது பருப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தான். ரவையின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது பருப்புதான்.

100 பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு, பத்து லிட்டர் சாம்பார். இதை மனசில் வைத்துக்கொண்டு அண்டாவைப் பாருங்கள். பத்து லிட்டர் பதினைந்தானால் ஒரு கரண்டியில் இருப்பது 10 கிராம் பருப்பு. யாரும் திருடிப் போவதில்லை. எண்ணிக்கை கூடிய நாளில் பருப்பு கூடாமல் தண்ணீர் மட்டும் கூடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பருப்பு வேகாத பிரச்சினை. வடசென்னையின் பல தெருக்களில் போர் தண்ணி உப்பும் கடினமும் சேர்ந்தது. கால்சியமும் மெக்னீசியமும் உள்ள தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாமல் விறைத்து நிற்கும். அவசரத்தில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுவிடுவது பல சமையல்கட்டுகளில் பழக்கம். பருப்பு குழையும், ஆனால் அதிலுள்ள தயமின், அதாவது பி1 வைட்டமின், சோடாவில் குறைந்துவிடும். சமையலுக்கு மெட்ரோ வாட்டரை, அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரை மட்டும் தனி டிரம்மில் பிடித்து வையுங்கள். பருப்பை அரை மணி நேரமாவது ஊற வையுங்கள். மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து வேகவிடுங்கள். புளித்தண்ணீரும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முன்னால் விழுந்தால் பருப்பு அதற்கு மேல் மசியாது.

சரி, நல்ல சாம்பார் வந்து சேர்ந்துவிட்டது. பரிமாறும் இடத்திலும் கோட்டை விடுகிறோம். பருப்பும் காயும் அடியில் தங்கும். மேலாக மொண்டு ஊற்றினால் முதல் வரிசைக்குத் தண்ணி, கடைசி வரிசைக்குக் கெட்டி. பெரும்பாலும் முதலில் உட்காருவது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள். சத்து அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே குறைவாகப் போகிறது. ஒவ்வொரு நாலைந்து தட்டுக்கும் ஒரு முறை அடியிலிருந்து கலக்கி ஊற்ற வேண்டும். 100 மில்லி பிடிக்கிற கரண்டி ஒன்றையே தினமும் பயன்படுத்த வேண்டும். செலவில்லாத திருத்தம் இது.

உப்புமாவுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் பொதுச் சமையல்கூடங்களில் சமைத்து வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தாலோ, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றாலோ அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் ரவை தண்ணீரை இழுத்துக் கட்டியாகிவிடும். வீட்டுப் பக்குவத்தில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துக் கிளறினால் பள்ளிக்கு வரும்போது அது பாறை. ரவையை நன்றாக வறுத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து, கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும். சோள ரவைக்கு இன்னும் கூடுதல் தண்ணீர் பிடிக்கும், அரை மணி ஊறவும் வேண்டும். இறக்கியதும் சூடு தங்கும் பாத்திரத்தில் மூடி, 60 டிகிரிக்குக் கீழே போகாமல் கொண்டு வர வேண்டும். வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடக்கும் அரிசிச் சோற்றிலும் பொங்கலிலும்தான் வாந்தி உண்டாக்கும் பாக்டீரியா பெருகுகிறது.

காயை விரல் நீளத்துக்கு நறுக்காதீர்கள். பிள்ளைகள் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிவிடும். கேரட்டைத் துருவலாம், பரங்கிக்காயைப் பருப்போடு மசித்துவிடலாம். முருங்கைக்காயைவிட முருங்கைக்கீரை நல்லது, இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும். பொங்கலில் மிளகை முழுசாகப் போடாமல் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். முழு மிளகைத் தேடி எடுத்துத் துப்புவதில் பாதிப் பொங்கல் ஆறிப்போகிறது. பச்சை மிளகாய்க்குப் பதில் இஞ்சி.

வடசென்னைக்கென்றே இருக்கிற ஒரு விஷயம் டீ. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகும் அம்மா விடியும் முன்னே கிளம்பிவிடுவார். துறைமுக வேலை, துப்புரவு வேலை எல்லாமே அப்படித்தான். பிள்ளைக்குக் கையில் காசு கொடுத்து "டீயும் பன்னும் வாங்கிக்கோ" என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் டீயில் உள்ள டானின் இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகளில் பலர்தான் இப்போது தொடக்கப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியில் சாப்பாடு இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சாம்பாரை இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தால், அதன் வைட்டமின் சி இரும்புச்சத்து ஏற உதவும். புளியில் வைட்டமின் சி சொற்பம். எலுமிச்சையும் அடுப்பில் கொதித்தால் வீண்.

திட்டத்தில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை கலோரிதான். 270 என்பது நாள் தேவையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மதியம் வரை தாங்க வேண்டிய வயிறு அது. ரவையைக் கூட்டுவதைவிட, ஆளுக்கு 20 கிராம் வேர்க்கடலை சேர்ப்பது மேல். 110 கலோரியும் 5 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்கும், சீக்கிரம் கெடாது, வண்டியில் சிந்தாது. சின்னப் பிள்ளைகளுக்குப் புரையேறும் என்பதால் அரைத்துச் சட்னியாகவோ பொடித்து வெல்லம் சேர்த்தோ கொடுக்கலாம். கடலை ஒவ்வாத பிள்ளை யார் என்று முதலிலேயே வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நூறாண்டுக்கு முன், 1920-ல், ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்று மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டது பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி. அந்த ஊரில் ஒரு கைப்பிடி கடலைக்கு வழியில்லாமல் போகாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒன்று. மாதத்தில் இரண்டு நாள், சொல்லாமல், எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். வாளியைக் கலக்கச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாய் சாப்பிட்டும் பாருங்கள். சமைக்கிற அக்காக்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விடியும் முன் அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். தண்ணீர் வந்ததா, பருப்பு எடை சரியா என்று கேளுங்கள். கடைசியாக, எட்டரைக்குப் பிறகு ஓடி வருகிற ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தூக்கில் சாப்பாடு மூடி எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த ஏழெட்டு இருபதாகிவிடும்.