ஒண்ணேகால் இஞ்சுக் குழாயில் 60 அடிப் பாம்பு

(வாஷ்பேசின் அடியில் பிளம்பர் மாரியப்பன், தலைகூடத் தெரியவில்லை. கதவருகே டேப்லெட்டும் கையுமாக பிரவீணா.)

மாரியப்பன்: என்ன பாப்பா, ஒரே அலறலா கேக்குது?

பிரவீணா: ஹாரி பாட்டர் ரெண்டாம் பாகம்ணே, 2002-ல வந்தது. மந்திரம் படிக்கிற பிள்ளைங்கள ஒரு பாம்பு கல்லாக்கிட்டு இருக்கு. அது எப்படி வந்து போகுதுன்னே யாருக்கும் தெரியல. கடைசியில பார்த்தா, குழாய்க்குள்ள!

மாரியப்பன்: எத்தனை அடி?

பிரவீணா: உரிச்ச சட்டையப் பாத்தே 60 அடிக்கு மேலங்கிறாங்க.

மாரியப்பன்: (தலையை நீட்டி) பேசின் குழாய் ஒண்ணேகால் இஞ்சு. கக்கூஸ் குழாயே நாலு இஞ்சு. எலி வரும், மிஞ்சிப்போனா சாரைக்குட்டி. சரி, பெரிய குழாய்னே வை. பேசினுக்கு அடியில வளைஞ்சிருக்கே டிராப், அதுல ரெண்டு இஞ்சு தண்ணி நிக்கணுமா இல்லையா? அதுதான் சாக்கடை நாத்தத்தை மறிக்குது. பாம்பு ஒரு தடவை புகுந்தா அந்தத் தண்ணி பூரா வெளிய. பள்ளிக்கூடமே நாறியிருக்கும், மோந்து பாத்தே வழியக் கண்டுபிடிச்சிருக்கலாம்.

பிரவீணா: அந்த பாத்ரூமுக்கு யாரும் போறதில்லண்ணே. மர்ட்டில்னு ஒரு பேய் அங்கேயே உக்காந்து அழுவா.

மாரியப்பன்: பொழங்காத பாத்ரூமா? அப்ப டிராப் தானா காஞ்சிடும். அப்பப்போ ஒரு வாளி ஊத்திவிடணும்.

பிரவீணா: கோவம் வந்தா அவளே வெள்ளக்காடாக்கிடுவா. அதனாலதான் முதல்ல மாட்டின பூனை பொழச்சுது. பாம்போட கண்ண நேரா பாத்தா சாவு. பூனை பாத்தது தேங்கின தண்ணியில தெரிஞ்ச பிம்பத்த. அதான் கல்லானதோட போச்சு.

மாரியப்பன்: ஒழுகினதால உசிரு தப்பிச்சுதா? என் பொழப்புல மண்ணப் போடுற கதையா இருக்கே!

பிரவீணா: பாம்பு இருக்கிற ரகசிய அறைக்குப் போற வழியும் வாஷ்பேசின்தான். ஒரு குழாய்ல சின்னதா பாம்பு பொறிச்சிருக்கும். கதைப்படி அதுல மட்டும் தண்ணியே வராது.

மாரியப்பன்: வாஷர் போனா ஒழுகும். தண்ணியே வரலைன்னா ஆங்கிள் வால்வு மூடியிருக்கும், இல்லைன்னா காத்து அடைச்சிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. இத்தனை வருஷமா ஒருத்தனும் பாக்கலையா?

பிரவீணா: பாம்பு பாஷையில பேசினாத்தான் திறக்கும்.

மாரியப்பன்: அதுக்குத் தனி கூலி. கட்டடம் எந்தக் காலத்துது?

பிரவீணா: ஆயிரம் வருஷம் ஆச்சு.

மாரியப்பன்: ஆயிரம் வருஷத்துக்கு முந்தி வாஷ்பேசினா?

பிரவீணா: கதை எழுதினவங்களே பின்னால விளக்கம் சொல்லிட்டாங்கண்ணே. குழாய் போட்டது பதினெட்டாம் நூற்றாண்டுல. அப்ப, அந்த அறையக் கட்டினவரோட வம்சத்துப் பையன் ஒருத்தன் பழைய வழிய பேசினுக்குப் பின்னால மறைச்சுட்டானாம்.

மாரியப்பன்: அதுவரைக்கும் வெளிக்கு எங்க போனாங்க?

பிரவீணா: நின்ன எடத்துலயே. அப்புறம் மந்திரத்தால மறைய வச்சிடுவாங்களாம்.

மாரியப்பன்: (ஸ்பேனரைக் கீழே வைத்து) அப்புறம் எதுக்குடா குழாய் போட்டீங்க?

பிரவீணா: தெரியலண்ணே. கடைசியில நாலு பேரு அடியில மாட்டிக்கிறாங்க. ஒரு பறவைதான் தூக்கிட்டு மேல வருது.

மாரியப்பன்: ஏணி இல்லையா? ஆள் இறங்குற குழின்னா உள்ள இரும்புப் படி பதிக்கணும். எந்தக் காண்ட்ராக்டர் கட்டினது?

பிரவீணா: காண்ட்ராக்டர் இல்லண்ணே. பள்ளிக்கூடத்தத் தொடங்கின நாலு பேருல ஒருத்தர், மத்தவங்களுக்குத் தெரியாம தானே கட்டிக்கிட்டாரு.

மாரியப்பன்: ஓனரே பிளான் போட்டாரா? மொதல்லயே சொல்றதுக்கென்ன! அந்தக் குழாய்ல சுத்துற டேப்பை எடு.