விட்டுவிட்டால் பிழைத்துவிடுமா?
ஆழமற்ற கடலில் விளையாட்டுக்காகத் தூண்டிலில் பிடிக்கும் போன்ஃபிஷ் என்ற மீனை நீரில் விட்டுவிட்டால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை என்று இந்தத் தளத்தில் வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில், முழங்கால் அளவு நீரில் நான் விட்ட முதல் மீன் 20 அடிகூட நீந்தியிருக்காது. சுறா ஒன்று கவ்விக்கொண்டது. புகைப்படத்துக்காக அதை வெளியே தூக்கிப் பிடித்திருந்தவன் நான்தான். போராடிக் களைத்த மீன் காற்றில் இருக்க இருக்க நிலைகுலைந்துபோகும். சுறாவுக்கும் சீலாவுக்கும் அந்தத் தள்ளாட்டமே போதும். அதன்பின் சுறா தென்பட்ட இடங்களில், படகின் பின்மேடையில் நின்று, கழியை ஊன்றிப் படகைத் தள்ளிய வழிகாட்டி என்னைத் தூண்டில் வீசவே விடவில்லை. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. எதிர்முள் (மீனின் வாயில் மாட்டிக்கொள்ளும் பின்நோக்கிய கூர்) இல்லாத கொக்கி, ஈரக் கை, நீருக்குள்ளேயே கழற்றுவது பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். மத்திய அமெரிக்க நாடான பெலிஸில் பிடித்த போன்ஃபிஷைச் சமைக்கலாமா என்று மேலே கருத்துப் பகுதியில் கேட்டவருக்கு: கூடாது, அங்கே 2009 முதல் விடுவிப்பதுதான் சட்டம்.