‘படகோட்டி’ பாடல் தனுஷ்கோடிப் புயலுக்காக எழுதப்பட்டதன்று

எம்.ஜி.ஆர். நடித்த ‘படகோட்டி’யின் ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ பாடல், தனுஷ்கோடிப் புயலில் மாண்ட மீனவர்களுக்காகக் கண்ணதாசன் எழுதியது என்றொரு செய்தி பாம்பன், இராமேசுவரம் பகுதிக் கைபேசிகளில் சுற்றி வருகிறது. அதில் இரண்டு பிழைகள் உள்ளன. படம் 1964 நவம்பர் 3, தீபாவளியன்றே திரைக்கு வந்துவிட்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன அந்தப் புயலோ, டிசம்பர் 22 இரவில், அதாவது 49 நாள்கள் கழித்தே தனுஷ்கோடியைத் தாக்கியது. பாடலை எழுதியவர் வாலி. படத்தின் மற்றப் பாடல்களும் அவருடையவையே. இரு மீனவக் குப்பங்களுக்கிடையே பகையை மூட்டி ஆதாயம் தேடும் பண்ணையாரைப் பற்றிய அந்தக் கதையில், கரை திரும்புவோமா என்றறியாமல் கடலேறுகிறவர்களின் நிலையை அப்பாடல் சொல்கிறது. உறவுகளைப் பறிகொடுத்த நம் கரையோரக் குடும்பங்களுக்கு அது தம் துயரமாகவே ஒலிப்பதில் வியப்பில்லை. ஆயினும் மாண்டவர்களின் பெயரால் பரவும் செய்தியில் தேதியேனும் சரியாக இருக்க வேண்டும்.