முதலில் கந்தோரைத் தட்டுங்கள், பிறகு கமக்காரரிடம் வாருங்கள்

வைக்கல் எரிக்காதீர்கள் என்று வீதியோரம் பலகை நட்டால் எரிப்பு நின்றுவிடும் என நம்புகிறவர்கள், பங்குனியில் சிறுபோக உழவு நடக்கும்போது வன்னி வயலொன்றில் ட்ராக்டருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்து பார்க்க வேண்டும். அறுவடை மெசின் வெட்டித் தள்ளிய வைக்கல் வரிவரியாகக் கிடக்கும். உழவு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அது கலப்பைக் கொழுக்களில் சுற்றிக்கொள்ளும். ட்ராக்டரை நிறுத்தி, இறங்கி, கையால் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். உழவுக்காரருக்கு அடுத்த வயல் காத்திருக்கிறது. "கொளுத்திப்போட்டுக் கூப்பிடுங்கோ அண்ணை" என்பார். அவர் சொல்வதில் என்ன பிழை?

இப்போது திட்டங்களோடு ஊருக்கு வருகிறவர்கள் 'நடத்தைத் தூண்டல்' என்ற ஒன்றை அடிக்கடி பேசுகிறார்கள். தடையும் போடாமல், பெரிய மானியமும் கொடுக்காமல், ஒருவர் தெரிவு செய்யும் விதத்தைச் சின்னதாக மாற்றி, நல்லதைச் செய்வதை அவருக்குச் சுலபமாக்குவது. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல யோசனைதான், எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் வன்னியில் தூண்ட வேண்டிய முதல் ஆள் கமக்காரர் இல்லை.

வைக்கலையே எடுப்போம். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் நைதரசனில் ஏறக்குறைய 40 வீதம் வைக்கலில் நிற்கிறது. எரித்தால் அது அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பிறகு அதையே யூரியாவாகக் காசு கொடுத்து வாங்கி எறிகிறோம். இது தெரியாத கமக்காரர் இங்கே குறைவு. பூவரசங்குழையும் ஆவாரையும் வெட்டி வயலில் தாழ்த்தியவர்களின் பிள்ளைகள்தானே நாங்கள். தெரிந்தும் எரிப்பதற்குக் காரணம், அந்த வாரத்தில் வேறு வழி கைக்கு எட்டாததுதான்.

ஆகவே தூண்டலை மெசினில் வையுங்கள். வைக்கலை நறுக்கிப் பரப்பும் பகுதியைப் பூட்டியபடியே வெட்டு மெசின் வயலுக்கு வரட்டும். வேண்டாம் என்கிறவர் சொல்லிக் கழற்றட்டும். (மாடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை.) இன்றைக்கு நறுக்கித் தா என்று கேட்பவர்தான் தொந்தரவுக்காரர். நாளைக்கு வேண்டாம் என்பவர் வாய் திறக்க வேண்டி வரும். அவ்வளவுதான் மாற்றம். எந்தப் பலகையையும்விட இது அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு.

அடுத்தது நேரம். மேற்குக் கென்யாவில் எஸ்தர் டூஃப்லோவும் மைக்கேல் கிரேமரும் ஜொனதன் ரொபின்சனும் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே விவசாயிகளின் வீடு தேடிப் போய், இப்போதே பணம் கட்டினால் அடுத்த பருவத்துக்கான உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. உரம் பாவித்தவர்கள் கணிசமாகக் கூடினார்கள். பருவம் பிந்தி அரைவிலைக்குக் கொடுத்ததற்குக் குறையாத பலன் அதில் கிடைத்தது.

அங்கே கேள்வி உரத்தைக் கூட்டுவது, எங்கள் கேள்வி இயற்கைப் பசளையைக் கூட்டுவது. ஆனால் காசின் கதை ஒன்றே. காலபோக நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் வருகிறது. ஈடு வைத்த சங்கிலி மீள்கிறது, கடைக்கடன் தீர்கிறது, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், நடுவில் ஒரு கலியாணம். ஆவணி பிறக்கும்போது சங்கிலி மறுபடி வங்கிக்குப் போய்விடும். பசளையாக உழுது தாழ்த்தும் சணலின் விதையோ கூட்டெருவோ பற்றிப் பேச உத்தியோகத்தர்கள் கூட்டம் வைப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள், தேநீர் குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். உரக்கடைக்காரரோ யூரியாவைக் கடனுக்குக் கொடுப்பார். சணல் விதையைக் கடனுக்குக் கொடுக்கும் கடை எங்கே இருக்கிறது? எந்த ஆய்வையும் படிக்காமலே அந்தக் கடைக்காரர் ஊரைத் தூண்டிக்கொண்டிருக்கிறார்.

அரசும் தூண்டியது, அதுவும் பிழையான பக்கம். 2005 இலிருந்து பல வருடங்கள் 50 கிலோ அந்தர் உரம் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மீள்குடியேறி வந்த காலத்தில் அது எங்களுக்குப் பெரிய கை. ஆனால் அள்ளி எறிகிற பழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது. பிறகு 2021 இல் ஒரே ஒரு வர்த்தமானியில் எல்லா இரசாயன உரமும் இறக்குமதித் தடை. அந்த நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே மஞ்சளடித்துப்போய் நின்றது. அதன் பிறகு 'இயற்கைப் பசளை' என்று யாராவது வாய் திறந்தால், கூட்டத்தின் பின்வரிசையில் கதிரைகள் நகரும் சத்தம் கேட்கும். வயலுக்கு நடந்த சேதம் ஒரு போகத்தோடு போய்விட்டது. நம்பிக்கைக்கு நடந்தது இன்னும் போகவில்லை. இனி வருகிற எந்தத் தூண்டலும் இந்தக் கடனையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

இதற்குள்ளேயும் எனக்குப் பிடித்தது இலை நிற அட்டை. கையளவு பிளாஸ்டிக் துண்டில் இளம் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில பட்டைகள். காலை வேளையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, நன்றாக விரிந்த இளம் இலையை, ஒடிக்காமல், பட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பத்து இலை பார்த்தால் போதும். அவற்றில் பெரும்பாலானவை, எல்லையாகக் குறித்த பட்டையைவிட வெளிறியிருந்தால் யூரியா போடலாம், இல்லாவிட்டால் பொறுத்திருக்கலாம். ஒருவரும் புத்தி சொல்லவில்லை, முடிவு கமக்காரர் கையில். பக்கத்து வயல்காரன் எறிந்துவிட்டான், நானும் எறிய வேண்டும் என்ற பதற்றத்துக்கு அந்த அட்டை ஒரு பதில் கொடுக்கிறது.

பக்கத்து வயல் என்றதும் இன்னொன்று. அயலாரோடு ஒப்பிட்டுக் காட்டினால் எல்லாரும் திருந்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தென்மேற்குப் பிரான்சில் பாசன விவசாயிகளுக்கு அயலார் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். நிறைய எடுத்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் எடுக்காமலே இருந்தவர்களில் சிலர், மற்றவன் இவ்வளவு எடுக்கிறானா என்று எடுக்கத் தொடங்கினார்கள்! இரணைமடு வாய்க்காலிலோ கட்டுக்கரை வாய்க்காலிலோ கடைமடையில் வயல் உள்ளவரிடம் இப்படி ஒரு கடதாசியைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த நாள் கமக்காரர் அமைப்புத் தலைவர் வீட்டு வாசலில்தான் அவர் நிற்பார், அதுவும் சரியான காரணத்தோடு.

காட்டு விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் கூட. மரநடுகை என்றால் கன்று கொடுத்து, படம் எடுத்து, பெயர் எழுதிய தகரம் கட்டுவது என்றாகிவிட்டது. எங்கள் காணிகளில் முதிரையும் பாலையும் யாரும் நடாமலே முளைக்கும். அதைப் பிடுங்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "இது வளர்ந்தால் காணி காடெண்டு கல்லுப் போட்டிருவாங்கள்" என்பார்கள். வீண் பயம் என்று தள்ள முடியாது. போரில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் பற்றை மூடிய வயல்களுக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றதைக் கண்டவர்கள் அவர்கள். அப்படியே வளர விட்டாலும், முதிரையை வெட்டி ஏற்றுவதற்கு அனுமதிக்காக எத்தனை கந்தோர்ப் படி ஏற வேண்டும்? பெண்பனையையும் பலாவையும் காக்க 1951 இலேயே சட்டம் வந்தது, நல்ல சட்டம். ஆனால் மரம் வளர்ப்பவருக்கு மரம் ஒரு வழக்காகத் தெரிகிற ஊரில் கன்று கொடுத்து என்ன பயன்?

இங்கே தூண்டல் என்றால், காணிக்குள் தானாக முளைத்த மரத்தைப் பதிந்து, இது உன் மரம், முதிர்ந்ததும் நீ வெட்டலாம் என்று முன்கூட்டியே ஒரு துண்டு எழுதிக் கொடுப்பதுதான். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வரியும் சேருங்கள். கந்தோர் எப்படி ஓடுகிறது என்று அப்போது பார்ப்போம்.

நறுக்கும் பகுதியைப் பற்றி எங்கள் பக்கத்து மெசின்காரர் ஒருவரிடம் பேசினேன். பூட்டலாம், ஆனால் டீசல் கூடப் போகும், கத்தியும் தேயும், ஏக்கருக்குக் கூலி கூட்டினால் கமக்காரர் வேறு மெசினைக் கூப்பிடுவார் என்றார். அதனால் ஒருவர் மட்டும் பூட்டிப் பயனில்லை. அறுவடைக்கு முன் கமக்காரர் அமைப்பு வெட்டுக்கூலி பேசும் கூட்டத்திலேயே நறுக்குக் கூலியையும் சேர்த்து ஒரே விலையாக முடிவெடுக்க வேண்டும். உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்திருந்தால், ஏக்கருக்கு என்ன கணக்கில் பேசினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.