மெய்யைப் பொய் என்று நிறுவ முடியவில்லையாம்!

நேற்று தைப்பூசம். மொரிஷியஸில் முருகனுக்கு அரசு விடுமுறை உண்டு, பிரான்சில் கிடையாது. எங்கள் கஸ்டமர் பாரிஸில் இருக்கிறார். நாங்கள் எழுதும் ஹோட்டல் முன்பதிவு மென்பொருளின் புது வெர்ஷன் அவர் ஊரில் காலை 8 மணிக்கு வேண்டும் என்றார். இங்கே அப்போது 11 மணி, நான் காத்ர் போர்ன் மலைக் கோயிலில் பால் செம்போடு நிற்க வேண்டிய நேரம். பத்து நாள் விரதம் வேறு.

சரி, முந்தின ராத்திரியே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாற்றியது மொத்தம் நாலு வரி. ஹோட்டல் முன்பதிவை முதல் நாள் வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும், வருகிற நாளன்றே ரத்து செய்தால் ஒன்றும் வராது. அந்த விஷயத்தைச் சொல்லும் மெயிலின் வாசகத்தைத்தான் திருத்தினேன். கணக்குப் பக்கம் போகவே இல்லை.

எங்களிடம் ஒரு ஹூக் இருக்கிறது, கோடை அனுப்பும்போது தானாக ஓடும் காவல்காரன். யூனிட் டெஸ்ட் (கோடைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் கோட்) எல்லாம் பச்சையானால்தான், அதாவது தேறினால்தான், கிட் என்ற பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் போகும். மணி 12:40. டெர்மினலில் அந்த டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட்டை ஓட்டினேன். புள்ளி, புள்ளி, புள்ளி... கோலம் போடுகிற மாதிரி வரிசையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு எஃப், அதாவது ஒரு டெஸ்ட் தோல்வி. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு.

கீழே வந்த விளக்கத்தைப் பாருங்கள்: "மெய்யைப் பொய் என்று நிறுவ முடியவில்லை." நான் கிண்டல் செய்யவில்லை, அது இங்கிலீஷில் துப்புவது அட்சரம் பிசகாமல் இதுதான். யாரால் ஐயா முடியும்? எந்தத் தேதியை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாய், கையில் என்ன வந்தது, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? உண்மையில் இது கருவியின் குற்றமும் இல்லை. வெறும் மெய்-பொய்யை மட்டும் சோதிக்கிற மாதிரி, ஒரு செய்தி கூடச் சேர்க்காமல் டெஸ்ட் எழுதிய மகராசனின் குற்றம்.

ஃபில்டர் போட்டு அந்த மூன்றை மட்டும் ஓட்டினேன். சிவப்பு. வழக்கமாகக் கூட்டத்தோடு ஓட்டினால் விழும், தனியாக ஓட்டினால் பிழைக்கும். அப்படியாவது இருந்தால் முந்தைய டெஸ்ட் எதுவோ குப்பை போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று பிடித்திருப்பேன். இது எப்படி ஓட்டினாலும் சிவப்பு. என் நாலு வரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு. கேஷைத் துடைத்தேன், கம்போசர் கொண்டுவரும் வெளி நூலகங்களை மறுபடி போட்டேன், டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும் டேட்டாபேஸை அடியோடு அழித்துத் திரும்பக் கட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஹூக்கைத் தாண்டிக் குதிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. பணம் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் குதிக்க மனசு வரவில்லை.

இத்தனைக்கும், தானாக டெஸ்ட் ஓட்டிப் பார்க்கும் எங்கள் சிஐ சர்வரில் சாயங்காலம் ஓடியது முழுப் பச்சை.

மணி 4:07. எதையும் தொடவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து, வெறுப்பில் மேல் அம்புக்குறியை அழுத்தி எண்டர் தட்டினேன். பச்சை. மொத்தமும் பச்சை! சத்தியமாக ஒரு கணம் முருகன்தான் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நாலு மணி.

மொரிஷியஸ் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியை விட 4 மணி நேரம் முன்னால். என் லேப்டாப்பில் எங்கள் கோடின் மொழியான பிஎச்பி உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது. டாக்கருக்குள் இருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் யூடிசியில் ஓடுகிறது, நாமாகச் சொன்னால் தவிர அது அப்படித்தான். டெஸ்ட் "இன்றைக்கு வருகிற விருந்தாளி" என்று பிஎச்பியின் தேதியை எழுதிவைக்கிறது. ரத்து செய்யும் கோடோ "இன்று என்ன தேதி?" என்று டேட்டாபேஸைக் கேட்கிறது. நள்ளிரவு முதல் 4 மணி வரை டேட்டாபேஸுக்கு இன்னும் நேற்று. ஆக, விருந்தாளி நாளைக்குத்தான் வருகிறார், முழுப் பணத்தையும் கொடு! சிஐ சர்வரில் இரண்டுமே யூடிசி, அதனால் அங்கே எந்த நேரத்திலும் சண்டை இல்லை. பாரிஸ்காரருக்குக் குளிர்காலத்தில் இடைவெளி ஒரே ஒரு மணி நேரம், அந்த நேரத்தில் அவர் தூங்குவார். இதையே ஊரில் என் தம்பி ஓட்டினால் காலை 5:30 வரை சிவப்பாக இருக்கும்.

இந்த டெஸ்ட் ஃபோல்டர் ஏற்கெனவே ஒருமுறை என் அரை நாளைத் தின்றிருக்கிறது. 2009 ஜனவரித் தேதி ஒன்றை மாதிரிக்கு வைத்து, மதியம் 2 மணி செக்-இன் யூடிசியில் 9 மணி என்று எழுதியிருந்தது. 10 தானே வர வேண்டும் என்று திருத்தினேன், உடைந்தது. எபேன் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் உள்ளூர்த் தமிழர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை இந்தத் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தார்களாம், அடுத்த வருஷம் விட்டுவிட்டார்களாம். எத்தனையோ வருஷம் இருக்க, அந்த ஐந்து மாதம்தான் கிடைத்ததா ஒருவனுக்கு மாதிரி காட்ட? பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் கை முறிந்துவிடுமா?

எழுதி வைத்ததன் லட்சணத்தையும் கேளுங்கள். 4:30க்கு அந்த மூன்று டெஸ்டின் ஃபைலைத் திறந்து மேலே உருட்டினேன். பிரெஞ்சில் ஒற்றை வரிக் குறிப்பு: "பகலில் ஓட்டவும்."

பகலில் ஓட்டவும்! அப்படியானால் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. விழுவதைப் பார்த்திருக்கிறான், காரணத்தைக் கூடப் பிடித்திருக்கிறான், ஒரு குறிப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். பாம்பைப் பார்த்துவிட்டு "இங்கே பாம்பு இருக்கிறது" என்று அதன் வாலிலேயே சீட்டு கட்டிவிட்டது போல. மருந்து என்ன பெரிய மருந்து? தேதியை டேட்டாபேஸைக் கேட்காமல் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி கோடிலேயே கணக்கிட்டு அனுப்ப வேண்டும், டெஸ்டில் கார்பன் என்ற தேதி நூலகத்தின் கடிகாரத்தை ஒரு நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். இருபது நிமிஷ வேலை. நான் அதை 5 மணிக்கு, கீழ்வீட்டுப் பாட்டி "ஆயோ தம்பி, பால் ரெடி!" என்று கதவைத் தட்டத் தட்ட முடித்தேன்.

தூக்கமே இல்லாமல் மலை ஏறினேன். செம்பில் பால் திரியவில்லை, அதுவரை சந்தோஷம்.

இன்று காலை, என் திருத்தத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் கேள்வி வந்திருக்கிறது: "ராத்திரி ஒரு மணிக்கு யார் டெஸ்ட் ஓட்டப்போகிறார்கள், இது அவசரமா?" டெஸ்டை விடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு இந்தத் தீவில் விருந்தாளி ரத்து செய்வாரா, மாட்டாரா? புரொடக்‌ஷனில் எல்லாமே யூடிசி. நிஜ விருந்தாளிகள் பயன்படுத்தும் அந்த சர்வரில் மணி முந்தின ராத்திரி 9, தேதி நேற்று. முழுப் பணமும் போகிறது. எத்தனை நாளாகப் போகிறதோ! எங்கள் சிஐ பச்சையாகப் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ராத்திரியில் சிவப்பாகக் கத்திய மூன்று மட்டும்தான் உண்மை பேசின, அதன் வாயைத்தான் ஒருவன் குறிப்பு எழுதி மூடியிருக்கிறான்.

ஆமாம், அவசரம் என்று பதில் போட்டேன். அந்தப் பக்கமிருந்து வந்தது ஒரே சொல்: "கொரெக்", கிரியோலில் சரி என்று அர்த்தம். இன்னும் என் திருத்தத்தை மெர்ஜ் செய்து பொதுக் கோடில் சேர்க்கவில்லை.