நிற்க இடம் இருந்தால் மட்டும் போதாது

டிரெட்மில்லை வாங்குமுன் போன் கேமரா வழியே நம் அறையில் நிறுத்திக் காட்டும் செயலியைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் இயந்திரத்தின் நீள அகலத்தை மட்டும் காட்டினால் பாதி வேலைதான். ஓடுபவர் தடுமாறி விழுந்தால் சுவரில் மோதாமலிருக்கப் பின்புறம் சுமார் 6 அடி காலியாக இருக்கவேண்டும். அதையும் தரையில் சிவப்பாகக் காட்டுங்கள். ஓடுதளம் தரையைவிட உயரம். ஏறி ஓடும்போது தலை மின்விசிறியில் தட்டுமா என்றும் தெரியவேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்களைப் போலக் குறுகலான மாடிப்படி வீட்டுக்காரர்களுக்கு, டிரெட்மில் வரும் பெட்டி படியில் திரும்புமா என்பதுதான் முதல் கேள்வி! இன்னொன்று, வெறும் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் டைல்ஸும் இருந்தால் கேமரா வழியே அறையைப் புரிந்துகொள்ளும் கூகுளின் ஏஆர்கோர் மென்பொருள் தரையைக் கண்டுபிடிக்கத் திணறும். விளக்கைப் போடுங்கள், கோடு போட்ட பாயை விரியுங்கள் என்று செயலியே சொல்லட்டும்.